நின்ற இடத்திலிருந்து எழுதுங்கள்: பாடக் கதைகளைப் படித்து அனுபவக் குறிப்பு எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே இந்த வேலை வந்து சேரும். பொதுத்தமிழ்த் தாளில் சில சிறுகதைகளும் சில கட்டுரைகளும் இருக்கும். "இதைப் படிச்சிட்டு உங்க சொந்த அனுபவமா ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க, இன்டர்னலுக்குச் சேர்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் போய்விடுவார். பன்னிரண்டு வருடம் கோனார் உரையும் வினா விடையுமாகப் பழகிய கைக்கு இது புதிது. கதைச் சுருக்கம் தெரியும், ஆசிரியர் குறிப்பு தெரியும். 'சொந்த அனுபவம்' என்றால் என்ன எழுதுவது?

முதலாமாண்டில் நான் கொடுத்த தாளின் ஓரத்தில் எங்கள் தமிழம்மா சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கதை இருக்கிறது. நீ எங்கே?" அன்று அதற்குப் பொருள் விளங்கவில்லை. விளங்க ஒரு வருடம் ஆயிற்று. இப்போது முதுகலை படிக்கிறேன். விடுதியில் இளைய பிள்ளைகள் கொண்டுவரும் தாள்களைப் பார்த்துத் தருகிறேன். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரு கதைக்கு நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு உட்கார்ந்தால் இதில் எதுவும் நடக்காது.

1. கதையை முழுதாகக் கையில் எடுங்கள்

கைடு கடைகளில் கிடைக்கும் பாட உரைகளில் கதையின் சுருக்கம்தான் இருக்கும். சுருக்கத்தைப் படித்தால் சுருக்கத்தைத்தான் எழுத முடியும். கல்லூரி வெளியிட்ட பாடநூலையோ அந்த எழுத்தாளரின் தொகுப்பையோ நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கதைகள் பல இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் புதுமைப்பித்தன் கதைகள் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் பக்கங்களை அப்படியே படமாகப் பார்க்கலாம். ஈழத்து எழுத்தாளர்கள் என்றால் நூலகம் திட்டத்தின் தளத்துக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. வலைப்பக்கங்களில் யாரோ தட்டச்சு செய்து போட்ட கதைகளில் ஒரு பத்தி விடுபட்டிருக்கும், ஒரு சொல் மாறியிருக்கும். நீங்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரைப்பக்கம் எழுதப் போகிறீர்கள் என்றால், அந்தச் சொல் அச்சு நூலிலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. முதல் முறை பென்சில் வேண்டாம்

முதல் வாசிப்பில் கோடு போடாதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள். பேருந்திலோ மொட்டை மாடியிலோ, யாரோ உங்களுக்குக் கதை சொல்கிறார்கள் என்று நினைத்துப் படியுங்கள். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள். கதை முடிந்ததும் நூலை மூடிவிட்டு, உடனே, அந்த நிமிடமே, ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி எழுதுங்கள். நல்ல தமிழில் இருக்க வேண்டியதில்லை. 'ஒண்ணும் புரியல', 'கடைசியில கோபம் வந்துச்சு', 'அந்தப் பாட்டி மேல பாவமா இருந்துச்சு' என்று இருந்தாலும் போதும். இந்தத் துண்டுத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுநாள் அந்த முதல் உணர்வு மாறிவிடும். நண்பர்களிடம் பேசினால் இன்னும் மாறும். நீங்கள் எழுதப்போகும் இரண்டு பக்கத்துக்கு விதை அந்த மூன்று வரிதான்.

3. நின்ற இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

எந்தக் கதையைப் படித்தாலும் ஏதோ ஒரு வரியில் கண் சற்று நிற்கும். அழுகை வரும் இடமாகத்தான் அது இருக்க வேண்டும் என்பதில்லை. சிரித்த இடமாக இருக்கலாம், குழம்பிப் போய் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்த இடமாக இருக்கலாம், 'இப்படி யாராவது செய்வார்களா?' என்று எரிச்சல் வந்த இடமாகவும் இருக்கலாம். இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு உட்கார்ந்து அந்த இடங்களைத் தேடுங்கள். மூன்று இடத்துக்கு மேல் குறிக்காதீர்கள். பக்கம் முழுக்கக் கோடு போட்டால் எதையுமே குறிக்காததற்குச் சமம். பிறகு அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையை வைத்துச் சொல்கிறேன். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைகள் கதவில் ஏறி, அதையே பேருந்தாக்கி, டிக்கெட் கொடுத்து ஆடுகிறார்கள். தீர்வை கட்டவில்லை என்று அரசாங்க ஆட்கள் அந்தக் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒரு நாள் சாவடிக்குப் பின்னால் கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள்.

இதைப் படித்த எல்லாரும் குழந்தை இறந்த இடத்தைத்தான் எழுதுவார்கள். எழுதக் கூடாது என்றில்லை. ஆனால் நான் முதலில் நின்ற இடம் அதுவல்ல. கதவைத் தூக்கிப் போகிறவர்களின் பின்னாலேயே பிள்ளைகள் நாதசுரம் வாசிப்பதுபோல் வாயால் ஊதிக்கொண்டு போவார்கள். எனக்கு அங்கே சிரிப்பு வந்தது. அதைத் தாளில் எழுதலாமா என்று பயந்து முதல் முறை மறைத்துவிட்டேன். துயரமான கதையில் சிரித்தேன் என்று எழுதினால் ஆசிரியர் என்ன நினைப்பார்? அந்தப் பயத்தில்தான் 'நீ எங்கே?' என்ற கேள்வியை வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு உண்மையில் வந்த உணர்வு எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். வந்திருக்க வேண்டிய உணர்வு என்று ஒன்று கிடையாது.

4. நோட்டை நடுவில் பிரியுங்கள்

நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். இடப்பக்கம் கதைக்கு, வலப்பக்கம் உங்களுக்கு. இடப்பக்கத்தில் நின்ற இடத்தின் வரியைப் பக்க எண்ணோடு அப்படியே எழுதுங்கள். அதற்கு எதிரே வலப்பக்கத்தில் மனத்தில் தோன்றுவதை எழுதுங்கள். கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. 'பிள்ளைகள் ஏன் அழவில்லை?' 'கதவை எடுத்துப் போவதால் அரசாங்கத்துக்கு என்ன கிடைத்தது?' 'அப்பா எங்கே?' என்றுதான் என் வலப்பக்கம் தொடங்கியது.

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தேடிக் கதைக்குத் திரும்பிப் போங்கள். அப்பா எங்கே என்று தேடினால், வேலைக்காக மணிமுத்தாறு போனவரிடமிருந்து தகவலே இல்லை என்று கதையிலேயே இருக்கிறது. மணிமுத்தாறு அணை திருநெல்வேலிப் பக்கம் 1950களில் கட்டப்பட்டது. இது தெரிந்ததும் கதை நடக்கும் காலம் எனக்குத் துலங்கியது. விடுதலை கிடைத்து, அணைகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குக் கதவில்லாமல் போகிறது. இப்படி ஒரு சிறு தகவல் உங்கள் குறிப்புக்கு எலும்பு கொடுக்கும். ஆனால் தகவலுக்காகத் தகவல் சேர்க்காதீர்கள். எழுத்தாளர் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வாங்கிய விருதுகள் எல்லாம் ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும்.

5. தெரியாத சொல்லை விடாதீர்கள்

முதல் வாசிப்பில் தாண்டிப்போன சொற்களுக்கு இப்போது திரும்பி வாருங்கள். எழுத்து வழக்குச் சொல் என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழஞ்சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், அது இணையத்திலேயே இருக்கிறது. வட்டார வழக்குக்கு அந்தந்த வட்டாரத்தின் அகராதிகள் உண்டு. கரிசல் காட்டுக்குக் கி.ரா.வே 1982இல் ஒன்று கொண்டுவந்தார்.

எல்லாவற்றையும்விட நல்ல அகராதி வீட்டில் இருக்கும் பெரியவர்கள். 'தீர்வை' என்றால் என்ன என்று தாத்தாவிடம் கேட்டேன். நாங்கள் மன்னார்குடிப் பக்கம். "நம்ம பக்கம் கிஸ்தின்னு சொல்லுவோம்மா, நிலவரி" என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, கிஸ்தி கட்டாத ஒரு வருடம் தங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னார். அந்த அண்டாவைப் பற்றி அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கப் போய் எங்கள் வீட்டுக் கதை எனக்குக் கிடைத்தது.

6. உங்கள் வாழ்க்கை எவ்வளவு வரலாம்?

இளையவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. என் கணக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தாத்தாவின் அண்டாவை நான் எழுதினேன், ஆறு வரியில் எழுதினேன். அது கதையை எனக்கு எப்படித் திறந்தது என்று சொல்லிவிட்டு மறுபடி கதவுக்கே வந்துவிட்டேன். அண்டா இல்லாவிட்டாலும் வேறு பானையில் தண்ணீர் பிடித்துவைக்கலாம். கதவு போனால் வீடே திறந்து கிடக்கும், காற்றைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. இந்த வேறுபாடு அண்டாவை வைத்துப் பார்த்ததால்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அனுபவம் கதையில் ஒன்றைக் காட்டித்தந்தால் அதை எழுதுங்கள். 'எனக்கும் இப்படித்தான் நடந்தது' என்று மட்டும் முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

சொல்ல விருப்பமில்லாத வீட்டு விஷயங்களை மதிப்பெண்ணுக்காக எழுத வேண்டாம். தாள் வகுப்பில் பலர் கைக்குப் போகும். கதையோடு பொருந்தும் சொந்த அனுபவம் இல்லையென்றாலும் குறையில்லை. 'இப்படி ஒரு வாழ்க்கையை நான் பார்த்ததே இல்லை, அதனால் இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்பதும் சொந்த அனுபவம்தான்.

7. எழுதத் தொடங்கும்போது

முதல் வரியிலேயே நின்ற இடத்துக்குப் போய்விடுங்கள். முன்னுரை வேண்டாம். என் முதலாமாண்டுத் தாள் இப்படித் தொடங்கியது:

"கரிசல் இலக்கியத்தின் தந்தை கி.ரா. ஆவார். இக்கதையில் ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரத்தை மிக அழகாகச் சித்திரித்துள்ளார். வறுமை எவ்வளவு கொடியது என்பதை இக்கதையின் வாயிலாக உணர முடிகிறது. இக்கதை என் மனத்தை மிகவும் பாதித்தது."

இதில் எழுத்தாளர் பெயரை மாற்றினால் வறுமையைச் சொல்லும் எந்தக் கதைக்கும் இது பொருந்தும். ஒரு வருடம் கழித்து அதே கதைக்கு எழுதியது:

"கதவைத் தூக்கிப் போகிறவர்களின் பின்னால் பிள்ளைகள் நாதசுரம் ஊதுவதுபோல் ஊதிக்கொண்டு போகும் இடத்தில் நின்றுவிட்டேன். முதலில் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். அவர்களுக்கு அது ஊர்வலம், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது என்ன? கதையின் தொடக்கத்தில் இதே கதவில் ஏறி ஊர் ஊராகப் போய்வந்த பிள்ளைகள் இவர்கள். எது நடந்தாலும் விளையாட்டாக்கிக்கொள்ளும் அதே மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது என்று இரண்டாம் முறை படித்தபோது தெரிந்தது. அழச் சொல்லி ஆசிரியர் எங்கேயும் நம்மைக் கேட்கவில்லை, விளையாட்டையே காட்டிக்கொண்டு வருகிறார். சாவடிக்குப் பின்னால் கதவைக் கண்டு பற்றிக்கொள்ளும் கடைசி இடத்தில்தான் விளையாட்டு நின்றுபோகிறது."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் 'அழகாக', 'சிறப்பாக', 'மனத்தைப் பாதித்தது' எதுவும் இல்லை. ஓர் இடம் இருக்கிறது, அங்கே வந்த உணர்வு இருக்கிறது, அந்த உணர்வு மாறியதும் மாறிய காரணமும் இருக்கின்றன. காரணத்துக்குச் சான்று கதையின் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. இவ்வளவு இருந்தால் ஒரு பத்தி நிற்கும். இப்படி நான்கு பத்தி எழுதினால் இரண்டு பக்கம் நிறைந்துவிடும். கதைச் சுருக்கம் கட்டாயம் வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் நான்கு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

மொழி பற்றி ஒன்று. 'இக்கதை', 'உணர முடிகிறது', 'எனலாம்' என்ற தேர்வுத்தாள் நடையில் எழுதும்போது சொந்தக் குரல் தானாக ஒளிந்துகொள்ளும். 'நான்' என்று எழுதத் தயங்காதீர்கள். பேச்சு வழக்கிலேயே முழுதும் எழுதலாமா என்பதை மட்டும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்பேசியில் கேட்டால் ஒரு நொடியில் இரண்டு பக்கம் எழுதித் தரும் செயலிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்தச் செயலி எங்கும் நிற்காது என்பதுதான். சென்ற மாதம் என்னிடம் வந்த ஏழு தாள்களில் நான்கு ஒரே மாதிரித் தொடங்கின. எழுதியவர்களைக் கூப்பிட்டு 'எந்த இடத்தில் நின்றாய்?' என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பதில்கள் நான்கும் நான்கு விதமாக, தாளில் இருந்ததைவிட எவ்வளவோ நன்றாக இருந்தன. அதையே எழுதச் சொல்லி அனுப்பினேன்.

8. கதை பிடிக்கவில்லை என்றால்

தாராளமாகச் சொல்லலாம், எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' முடியும் விதம் எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்குப் பிடிக்கவில்லை. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக அம்மாளு வேறொருவனோடு போவதை ஏற்க முடியவில்லை என்றார்கள். ஒரு தோழி மட்டும், அம்மாளுவின் மேல் தனக்குக் கோபமே வரவில்லை, கடைசியில் எழுத்தாளர் வாசகரைப் பார்த்து நேரடியாகப் பேசத் தொடங்குவதுதான் உறுத்துகிறது, அது இல்லாமலே கதை நின்றிருக்கும் என்று எழுதினாள். அவள் சொன்னதை நான் ஏற்கவில்லை, அந்தக் குரல் இல்லாமல் அந்தக் கதை இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அன்று வகுப்பில் ஆசிரியர் வாசித்துக் காட்டியது அவள் தாளைத்தான். பிடிக்காததை அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தாள்.

வாசகர் மறுத்துப் பேசுவது எழுத்தாளருக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்று ஏற்றுக்கொள்ளும் தாயைப் பற்றி வாசகர்களிடையே பெரும் விவாதம் நடந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் விஷயம் வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

9. கட்டுரை என்றால்

கட்டுரைக்கு நோட்டை மூன்றாகப் பிரியுங்கள்: கட்டுரையாசிரியர் சொல்வது என்ன, அதற்கு அவர் காட்டும் ஆதாரம் என்ன, நான் என்ன நினைக்கிறேன். ஆதாரக் கட்டம் காலியாக இருந்தால் அதையே எழுதலாம். செய்தித்தாள் கட்டுரைகளுக்கு இவ்வளவு போதும்.

தன்வரலாற்றுப் பகுதி வந்தால் கதைபோலவே நின்ற இடத்தைத் தேடுங்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' பாடமாக வரும்போது, 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பகுதியைப் பெரும்பாலும் கொடுப்பார்கள். முன்சீபாக மாற்றலாகி வந்த முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரும் கல்லூரியில் தமிழாசிரியருமான உ.வே.சா. உற்சாகமாக அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். கேட்பவர் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று அடுத்த கேள்வி வருகிறது. படித்ததில்லை.

இந்தப் பகுதிக்கு வரும் தாள்கள் பெரும்பாலும் 'தமிழ்த்தாத்தாவின் தொண்டு போற்றத்தக்கது' என்று முடிந்துவிடுகின்றன. தொண்டு போற்றத்தக்கதுதான், 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள். ஆனால் நீங்கள் எங்கே நின்றீர்கள்? நான் நின்றது, அடுக்கிக்கொண்டே போன பட்டியல் செல்லாமல் போகும் அந்த நிமிடத்தில். பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டுக் கல்லூரிக்கு வந்த முதல் வாரம் எனக்கு நினைவு வந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. அந்தச் சந்திப்பு நடந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஊரே கொண்டாடும் நிலையில், தனக்கு அன்று தெரியாததை ஒளிக்காமல் எழுதுகிறார். என் குறிப்பில் முதல் பத்தி பட்டியலைப் பற்றி, இரண்டாம் பத்தி அந்த அறுபது ஆண்டைப் பற்றி.

10. கொடுப்பதற்கு முன்

ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். சந்திப்பிழை பாருங்கள். கதையிலிருந்து எடுத்த வரிகளுக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் இருக்கட்டும். நண்பரின் கருத்தைச் சேர்த்திருந்தால் 'என் தோழி சொன்னாள்' என்று எழுதிவிடுங்கள். பிறகு தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்மதிப்பீட்டுத் தாள்கள் திரும்பி வருவது அரிது.

நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தேதி போடுங்கள், கீழே கால் பக்கம் காலியாக விடுங்கள். அந்தக் கதையை மறுபடி படிக்கும் நாள் வரும், அப்போது நின்ற இடம் மாறியிருக்கும். 'கதவு' கதைக்கு என் நோட்டில் மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் தேதியில் பிள்ளைகளின் ஊர்வலம். இரண்டாவதில் தாத்தாவின் அண்டா. சென்ற வாரம் மூன்றாவது முறை படித்தபோது, கதவு போனபின் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கண்டேன். காலியாக விட்டிருந்த இடம் போதவில்லை, புதுப் பக்கம் திருப்பியிருக்கிறேன்.